அறுப்பின் பண்டிகையில் நாலு டயர்

திருவட்டாறு சுற்றுவட்டாரத்தில் இன்று கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் ஜெபசீலனின் வலது காலை நம்பி ஓட்டப் பழகியவர்கள். எபெனேசர் டிரைவிங் ஸ்கூலின் முதலாளி, ஆசிரியர், மெக்கானிக் எல்லாம் அவரே. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இருபது வருஷம் அதை மிதித்ததில் மனிதருக்கு வலது கெண்டைக்கால் இடதைவிடத் தடித்துவிட்டது. தையல்காரர் பேண்டுக்கு இரண்டு காலையும் தனித்தனியாக அளவெடுக்கிறார் என்று ஊரில் சொல்வார்கள். முழுக்க நம்ப வேண்டாம், பாதிதான் உண்மை.

நாள் முழுக்க அடுத்தவர் ஆமை வேகத்தில் ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு உள்ளே என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஜெபசீலனுக்கு நாற்பத்தி நாலாவது வயதில் ஆயிற்று. செகண்ட் ஹேண்டில் ஒரு சின்னக் கார் வாங்கினார். பார்ப்பதற்கு வங்கிக் கிளார்க் காய்கறி வாங்கப் போகிற கார்தான். பின்கதவைத் திறந்தால் இரண்டு பலாப்பழம் வைக்கலாம். ஆனால் பானெட்டுக்குக் கீழே இருப்பது டர்போ எஞ்சின். மிதித்தால் முதுகை இருக்கையோடு சேர்த்து அறையும். சாதுவான உடம்புக்குள் இப்படி ஒரு பேயை வைத்துத் தைத்த காருக்கு ஹாட் ஹாட்ச்பேக் என்று பெயர். வாங்கியவருக்கும் அந்த வர்ணனை பொருந்தும் என்பது என் கருத்து.

வாங்கியாயிற்று. எங்கே ஓட்டுவது? குலசேகரம் சாலையில் ரப்பர் ஷீட் லாரிகள், வளைவுக்கு வளைவு பஸ்கள், அதைவிட ஆபத்தாக எதிரே வரும் காரிலெல்லாம் அவரிடம் படித்தவர்கள். அவர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று அவரைத் தவிர யாருக்குத் தெரியும்? அதனால் ஊரிலேயே மெதுவாக ஓடும் டர்போ கார் அவருடையதாக இருந்தது.

அப்போதுதான் டிராக் டே என்ற ஒன்று அவர் காதில் விழுந்தது. கோயம்புத்தூர் பக்கம் ரேஸ் ஓட்டுகிற பாதை ஒன்று இருக்கிறது. சில நாட்களில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சொந்தக் காரில் சுற்றிச் சுற்றி வரலாம். பஸ் இல்லை, ஸ்பீட் பிரேக்கர் இல்லை, மாணவர் இல்லை. ஜெபசீலன் போனார். முதல் இரண்டு சுற்று பரலோகம். மூன்றாம் சுற்றில் டயர் சூடாகி, கார் பாசி பிடித்த படிக்கட்டில் வைத்த கால் மாதிரி வழுக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் கார் நேராகப் போய்ப் புல்லில் நின்றது. ஒரு கல்லூரிப் பெண் அவரைத் தாண்டிப் போகும்போது கையசைத்துவிட்டுப் போனாள். பாதையோரம் கொடி காட்டுகிறவர் வந்து, “சார், டிரைவிங் இப்பதான் கத்துக்கறீங்களா?” என்று அன்பாகக் கேட்டார். கோவைக்காரர்களின் மரியாதையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

அடுத்த டிராக் டேக்குள் நல்ல டயர் போட்டே தீருவது என்று ஜெபசீலன் முடிவெடுத்தார். முடிவெடுத்தால் போதுமா? வீட்டில் சுபிதா இருக்கிறார்.

சுபிதா அவர் மனைவி. நெய்யூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். எத்தனையோ பேருக்கு மயக்கம் தெளிவித்தவர் என்பதால் கணவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

“இஞ்ச பாருங்க. சாதாரண டயரு நாலு வாங்க எவ்வளவு ஆவும்?”

“ஒரு இருவதாயிரம்.”

“அந்த இருவதுக்குள்ள எந்த டயரும் வாங்குங்க. ரெண்டு நாளுல தேயுததா இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு ரூவா கூடினா காரு எங்க அண்ணனுக்கு. அவரு கேட்டுட்டே இருக்காரு.”

“அவனுக்கு எதுக்குட்டி இந்தக் காரு? அவன் வாழக்குல ஏத்துவான்!”

“அதத்தான் சொல்லுதேன். நெனச்சிட்டு வாங்குங்க.”

தன் காரின் பின்சீட்டில் வாழைக்குலை சாய்ந்து கிடக்கும் காட்சி அன்றிலிருந்து ஜெபசீலனை விடவில்லை.

இருபதாயிரத்துக்குள் ரேஸ் டயர் தேடுவது எப்படியென்றால், வரதட்சிணை வாங்காத டாக்டர் மாப்பிள்ளை தேடுகிற மாதிரி. இருக்கிறார் என்பார்கள், கண்ணில் படமாட்டார். வெளிநாட்டு டயர் ஒன்றின் விலையே சுபிதாவின் வரம்பை முட்டியது. கோவையில் ரேஸ் ஓட்டுகிறவர்கள் கழற்றிப் போட்ட டயர் மலிவாகக் கிடைத்தது; போய்ப் பார்த்தால் வெயிலில் காய்ந்த கருவாடு. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் “புத்தம் புதுசு சாரே” என்று ஒன்றைக் காட்டினார்கள். டயரின் ஓரத்தில் அது பிறந்த வாரமும் வருஷமும் பொறித்திருக்கும். அதன்படி அந்தப் புத்தம் புதுசுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கேட்கிற வயது.

தேடலில் ஜெபசீலன் இன்னொன்றும் கற்றுக்கொண்டார். டயரின் ஓரத்தில் தேய்மானத்துக்கும் ஓர் எண் உண்டு. எண் பெரிதானால் ரப்பர் கெட்டி. வருஷக்கணக்கில் உழைக்கும், வளைவில் வழுக்கும். எண் சின்னதானால் ரப்பர் மெது. காய்ந்த சாலையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், மழையில் கைவிட்டுவிடும், சீக்கிரம் செத்துப்போகும். இது தெரிந்ததிலிருந்து நின்ற காரையெல்லாம் குனிந்து படிக்காமல் அவரால் தாண்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தவர்கள் கார்களை நிறுத்திவிட்டு உள்ளே போனதும், இவர் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் முழங்காலிட்டுக் கட்டை விரல் நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தார். ஜெபத்துக்குக்கூட மனிதர் உள்ளே இவ்வளவு முழங்காலிட்டதில்லை. காற்றைப் பிடுங்கி விடுகிறார் என்று ஒரு கட்சி, வாகனங்களுக்காக ஜெபிக்கிறார் என்று ஒரு கட்சி. இரண்டாவது கட்சியில் போதகரும் இருந்தார்.

அப்படிக் குனிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஞானசிங் அவர் தோளைத் தட்டினார். ஞானசிங் துபாயில் ரேஸ் கார் ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அவர் அனுப்பிய சாமான்களில் சோபா, பிரிட்ஜ், யாரும் ஏறாத டிரெட்மில் இவற்றோடு நாலு டயரும் வந்திருந்தன. மருமகனின் காருக்கென்று கொண்டுவந்தது. மருமகன் அதற்குள் யானை மாதிரி ஒரு வண்டி வாங்கிவிட்டதால் அளவு பொருந்தவில்லை. ஜெபசீலன் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் உறையை விலக்கிப் பார்த்தார். மெதுவான ரப்பர். போன வருஷம் பிறந்தது. அளவு, அவர் காருக்கே எடுத்துத் தைத்த மாதிரி. கண் கலங்கிவிட்டது.

“ஓய் ஞானசிங், வெலையச் சொல்லும்.”

“விக்கப்பிடாது வே. பொருத்தனையாக்கும்.”

“டயருக்கு என்னவே பொருத்தனை?”

“எனக்கு இடுப்பு வலி செரியானா அறுப்பின் பண்டிகைக்கு இத வைக்கேண்ணு ஆண்டவருகிட்ட சொல்லியாச்சு.”

“செரியாச்சா?”

“பாதி செரியாச்சு.”

“அப்போ ரெண்ட வையும். ரெண்ட எனக்குத் தாரும்.”

“ரெண்டு டயர வச்சு நீரு என்ன செய்யுவீரு?”

“முன்னால மாட்டுவேன். என் காருக்கு முன் வீலாக்கும் இழுக்கது.”

ஞானசிங் டயரை மறுபடி உறையால் மூடினார். “பேரம் பேசுக இடமா வே இது? ஏலத்துல வந்து எடும்.”

அறுப்பின் பண்டிகையை அறியாதவர்களுக்கு: வருஷத்துக்கு ஒரு நாள், சபையார் தங்கள் விளைச்சலில் முதலாவதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கோழி, வாழைக்குலை, ரப்பர் ஷீட். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஜெபசீலன் மனக்கணக்குப் போட்டார். கோழியும் குலையும் கேட்க வருகிற கூட்டத்தில் மழையில் ஓடாத டயரை எவன் கேட்பான்? இரண்டாயிரம், மிஞ்சினால் ஐயாயிரம்.

ஆனாலும் ஒரு முன்னெச்சரிக்கைக்காக, ஏலத்தில் கை தூக்கக் கூடியவர்களின் வீடுகளுக்கு அவர் ஒரு சுற்றுப் போய்வந்தார். காபி குடித்தார், உடல்நலம் விசாரித்தார், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “ஞானசிங் ஏதோ டயரு வைக்கானாம். ஒண்ணுக்கும் ஆவாது கேட்டியளா, மழையில சவம் வழுக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னது முழு உண்மை. இரண்டு பருவமும் மழை பெய்கிற நம் மாவட்டத்தில் அந்த டயரைப் போட்டு மார்த்தாண்டம்வரை போனால் வீடு வந்து சேர்வது கிருபை. உண்மையைச் சொல்வதற்காக ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கினால் ஊர் என்ன நினைக்கும் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

ராஜபாய் டீச்சர் யோசித்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஓய்வுக்குப் பிறகு ஜெபசீலனிடம் கார் கற்றவர். கற்ற நாளெல்லாம் இவர் பக்கத்திலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்ததால், தாம் ஓட்டினோமா, அவர் நிறுத்தினாரா என்று டீச்சருக்கு இன்றுவரை சந்தேகம்.

“ஒண்ணுக்கும் ஆவாதுண்ணா கெடக்கட்டும்லா. அத இஞ்ச வந்து எதுக்குச் சொல்லுத?” என்று கேட்டார்.

“இல்ல டீச்சர், நீங்க ஏமாந்துரப்பிடாதுண்ணு…”

“நான் டயர வாங்கி என்ன மாலையாவா போடப் போறேன்? காபிய குடி மக்கா.”

ஜெபசீலன் காபியைக் குடித்து நிம்மதியாக வெளியே வந்தார்.

பண்டிகை நாள். பந்தலில் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். மைக், சபைக் கமிட்டியின் செயலர் பொன்னுலிங்கத்தின் கையில். வாழைக்குலை ஒன்றும் கோழி ஒன்றும் போன விலையைப் பார்த்தபோதே ஜெபசீலன் சுதாரித்திருக்க வேண்டும். கோழி நாலாயிரத்துக்குப் போயிற்று. அதற்குத் தெரிந்திருந்தால் அன்றே இன்னொரு முட்டை போட்டிருக்கும். எடுத்தவர் மைக்கை வாங்கி, “சபைக்கே திருப்பித் தாறேன்” என்றார். கைதட்டல். கோழி மறுபடி ஏலத்துக்கு வந்தது. ஏனென்றால் அங்கே விலை கோழிக்கல்ல, கேட்கிற ஆளுக்கு. பணத்தைக் கொடுத்துப் பொருளைத் திருப்பியும் கொடுத்தால்தான் குடும்பத்துக்கு நிமிர்ந்த தலை. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த ஜெபசீலன், டயர் விஷயத்தில் மட்டும் இது நடக்காது என்று எப்படி நம்பினார்? ஆசை வந்தால் அப்படித்தான்.

“அடுத்தது, நம்ம ஞானசிங் காணிக்கை, துபாய் டயரு நாலு!” என்றார் பொன்னுலிங்கம். “யாராவது ஒரு வெல சொல்லுங்க.”

ஜெபசீலன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “ஆயிரம்” என்றார்.

“ரெண்டாயிரம்.” பெண்கள் பக்கம். ராஜபாய் டீச்சர்.

“மூணு.”

“அஞ்சு.”

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. யார் யாரோ இடையில் புகுந்தார்கள். ஜெபசீலன் காபி குடித்த வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் வீட்டுக்கு ஒரு கை எழுந்தது. பத்தைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது. மற்றவர்கள் உதிர்ந்து, கடைசியில் இரண்டே பேர்.

“இருவது” என்றார் ஜெபசீலன்.

“இருவத்தொண்ணு” என்றார் டீச்சர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஜெபசீலன் வாயைத் திறந்தார். பின்சீட்டு வாழைக்குலை கண்ணுக்குள் வந்தது. வாயை மூடினார்.

“ஒரு தரம்…” என்று பொன்னுலிங்கம் இழுத்தார். டீச்சர் அதோடு விட்டிருக்கலாம். பக்கத்திலிருந்தவரிடம், பந்தல் முழுக்கக் கேட்கும்படியான ரகசியக் குரலில், “அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவுதான் குடுக்கக் கழியும், பாவம்” என்றார்.

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு நெளிந்து ஓடியது. ஓடிய சிரிப்பு சுபிதா உட்கார்ந்திருந்த பாயை எட்டியதும் நின்றது.

“இருவத்தஞ்சு!”

யார் குரல் என்று ஜெபசீலனுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் பாதி எழுந்து, வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினார். சுபிதா இந்தப் பக்கமே பார்க்கவில்லை. நரம்பு கிடைக்காத நோயாளியின் கையைப் பார்க்கிற மாதிரி டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருவத்தெட்டு.”

“முப்பது.”

“முப்பத்தஞ்சு” என்றார் டீச்சர்.

“நாப்பது!” என்றார் சுபிதா. மூச்சு வாங்கிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, “நாப்பத்தொண்ணு!” என்றார். தன் விலையைத் தானே உயர்த்தியவர் அந்தச் சபையின் சரித்திரத்தில் அவர் ஒருவர்தான்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்தியாகச் சாய்ந்தார். ஏலப் பணம் போய்ச் சேரும் புது மணிக்கூண்டு நிதிக்கு அவர்தான் பொருளாளர் என்பதை இங்கே சொல்வது அநாவசியம்.

பொன்னுலிங்கம் மைக்கோடு ஓடினார். சுபிதா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, முகம் சிவக்க, “சபைக்கே திருப்பித் தாறோம்” என்றார். பந்தல் அதிர்ந்தது. போதகரே கைதட்டினார். பந்தலில் கைதட்டாத ஒரே மனிதர், நாற்பத்தோராயிரம் போய், டயரும் போய், காரும் போகப்போகிறதென்று கணக்குப் பார்த்துக்கொண்டு ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் சுற்று வெறும் சடங்கு. இவ்வளவு கொடுத்த குடும்பத்துக்கு எதிராக யாரும் கை தூக்க மாட்டார்கள். ஒருவர் ஏதோ ஒரு விலைக்கு எடுத்து, அவரும் சபைக்கே கொடுத்து, பொருள் ஓரமாகப் போய்விடும். சமையல் பந்தலிலிருந்து வேறு இறைச்சிக் குழம்பு மணம் வந்துகொண்டிருந்தது.

“ரெண்டாயிரம்” என்றார் ஜெபசீலன்.

“மூணு தரம்!” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு, பொன்னுலிங்கம் மைக்கை நீட்டினார். கைதட்டக் கைகள் தயாராக உயர்ந்தன.

ஜெபசீலன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சபைக்கே என்றால் மானம் நிற்கும், டயர் போகும். சொல்லாவிட்டால்? அப்படி ஒருவர் சொல்லாமல் விட்டதாக வரலாறே இல்லை.

“இத… நான் கொண்டு போறேன்.”

“எங்க?” என்றார் பொன்னுலிங்கம்.

“வீட்டுக்கு.”

“எதுக்கு?”

“காருல மாட்டுகதுக்கு.”

உயர்ந்த கைகள் எங்கே இறங்குவதென்று தெரியாமல் நின்றன. பொன்னுலிங்கம் மைக்கைப் பொத்திக்கொண்டு காதோரம் குனிந்தார். “ஓய், கொண்டு போறதுண்ணா சபைக்கேண்ணு சொல்லிட்டு, பின்னால ஆள விட்டுச் சத்தமில்லாம எடுத்துட்டுப் போவணும். நான் போன வருஷம் எடுத்த கோழிய என்னண்ணு நெனச்சீரு? யாராவது மைக்குல சொல்லுவினுமா?”

“சொல்லியாச்சே” என்றார் ஜெபசீலன்.

உதவிக்கு யாரும் வரவில்லை. அவரே ஒவ்வொரு டயராகப் பந்தலின் நடுவே உருட்டிக்கொண்டு காருக்குப் போனார். ஆண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். நாலாவது டயரை எடுக்கத் திரும்பியபோது அது எதிரே வந்துகொண்டிருந்தது. பின்னால் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சுபிதா.

காருக்குள் உட்கார்ந்ததும் ஜெபசீலன் முந்திக்கொண்டார். “நான் டயருக்குச் செலவாக்குனது ரெண்டாயிரமாக்கும். அது இருவதுக்குள்ளதான். நாப்பத்தோராயிரம் நீ குடுத்த காணிக்கை. ரெண்டையும் சேத்துப் பேசப்பிடாது.”

சுபிதா கையில் ஒட்டியிருந்த டயர்க் கரியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“நான் இப்போ ஒண்ணும் பேசல்லியே.”

“உங்க அண்ணன்?”

“அவரு வாழக்குலைய ஆட்டோவுல ஏத்தட்டும். கோயம்புத்தூருக்கு எப்பமாக்கும் போறிய?”

“எதுக்கு?”

“நாப்பத்தோராயிரத்துக்கு அந்த டயரு என்ன செய்யுதுண்ணு எனக்குப் பாக்கண்டாமா?”

போனார்கள். அன்று கோவையில் மழை இல்லை. பழைய டயரைப் போலன்றி, இந்த மெது ரப்பர் சூடேறியதும் கார் தார் ரோட்டில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. திருப்பிய பக்கம் திரும்பியது. ஜெபசீலன் புல்லை மிதிக்காமல் வந்து நின்றபோது அவருக்கு இருபது வயது குறைந்திருந்தது. பிறகு கூட ஓர் ஆளை ஏற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். சுபிதா இரவல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார்.

முதல் வளைவில் மனைவி அலறுவார் என்று எதிர்பார்த்து ஜெபசீலன் வேகத்தைக் குறைத்தார். சுபிதா அலறினார்தான்.

“முன்னால போற அந்த வெள்ளக் காரு யாருக்குள்ளது?”

“தெரியாது! அது நம்மளவிட பெரிய எஞ்சினாக்கும்!”

“இருக்கட்டுமே. நீங்க ஒண்ணு கூட்டுங்க.”